கோச்சடை மாடி அறையும் ஓபர்லின் பனியும்

மலர்க் குழுவினர் "பழைய கதை ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். விடுதி, விளையாட்டு, கலைவிழா பற்றியெல்லாம் நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நம் அமெரிக்கன் கல்லூரியோடு ஒட்டியே வளர்ந்த ஒரு சின்ன வரலாற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். அயல்நாட்டிலிருந்து மதுரைக்கு வந்த இளைஞர்களும், இங்கிருந்து அங்கே போனவர்களும் புது ஊரில் எப்படிக் காலூன்றினார்கள் என்பதே அது.

1881இல் பசுமலையில் தொடங்கி, 1909இல் கோரிப்பாளையத்துக்கு வந்தது நம் கல்லூரி. அந்த மிஷன் காலத்து அமெரிக்கர்கள் வேறு கணக்கு. அவர்கள் பங்களா, சமையல்காரர் சகிதம் வாழ்ந்தவர்கள். பரிமாற்றம் என்று சொல்லத்தக்கது ஓபர்லின் ஷான்சி சங்கத்தோடுதான் வந்தது. ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரிக்கும் சீனத்து ஷான்சி மாகாணத்துக்கும் நெடுநாள் தொடர்பு. 1900 பாக்ஸர் கிளர்ச்சியில் அங்கே ஓபர்லின்காரர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1908இல் சங்கம் பிறந்தது. 1918 முதல் இளம் பட்டதாரிகளைச் சீனத்துக்கு ஆசிரியர்களாக அனுப்பினார்கள். 1949 புரட்சிக்குப் பின் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. வேறு இடம் தேடியபோது கிடைத்தவற்றுள் ஒன்று நம்ம மதுரை! 1950களிலிருந்து ஷான்சி பிரதிநிதிகள் இங்கேயும் லேடி டோக் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்பித்தார்கள். பட்டம் வாங்கிய கையோடு வந்தவர்கள், மாணவர்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. நாம் அவர்களை ‘சார்’ என்போம். அவர்களோ தோளில் கைபோட்டு டீக்கடைக்கு வருவார்கள்.

இன்னொரு வழி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ‘காலேஜ் இயர் இன் இந்தியா’. 1961இல் தொடங்கிய திட்டம். தமிழ் படிப்பவர்களுக்கு மதுரை. கோடையில் மேடிசன் நகரத்தில் மொழியைப் படித்துவிட்டு இங்கே வந்து ஓராண்டு தங்கி, ஏதாவது ஒரு பொருளை ஆராய்ந்து கட்டுரை கொடுக்கவேண்டியிருந்தது.

இப்படிப் படிக்க வந்த ஒரு மாணவி 1980களின் பிற்பகுதியில் கோச்சடையில் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தாள். அப்போது மேலக்கால் ரோட்டை விட்டு இறங்கினால் வயலும் தென்னந்தோப்பும்தான். வந்த வாரமே அப்பா கூடப்போய், வெளிநாட்டவர் பதிவை முடித்துக் கொடுத்தார். வாளித் தண்ணீரில் குளிப்பது, இடதுகையை அடக்கி வைப்பது, வாசலில் செருப்பைக் கழற்றுவது எல்லாம் பத்தே நாளில் பழகிவிட்டது. பழகாதது பேச்சு!

புத்தகத் தமிழ், பேச்சுத் தமிழ் இரண்டையும் படித்துத்தான் வந்திருந்தாள். ஆனால் மேடிசனில் யார் ‘அங்குட்டு’, ‘இங்குட்டு’ சொல்லிக் கொடுப்பார்கள்? "வெஞ்சனம் வைக்கவா?" என்று அம்மா கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். கறி, கூட்டு, பொரியல் என்று தொட்டுக்கொள்ள வைப்பது எல்லாமே வெஞ்சனம்தான் என்று விளக்கினேன். உடனே நோட்டில் ஏறிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் ‘நன்றி’. காப்பி கொடுத்தால் நன்றி, சோறு போட்டால் நன்றி. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் வெடித்தார்: "என்னடா இது, ஒரு வாய்க் காப்பிக்கு நன்றியாம்! நான் என்ன ஓட்டலா நடத்துறேன்?" அந்தப் பிள்ளைக்கோ, நன்றி சொல்லாவிட்டால் மரியாதை இல்லையே என்று தவிப்பு. வீட்டுக்குள் நன்றி சொன்னால் நம்மைத் தள்ளி நிறுத்துவதுபோல ஆகிவிடும் என்று எந்தப் பாடத்தில் வரும்? அதேபோல வெளியே கிளம்பும்போது "போறேன்" என்பாள். அம்மா வாசலிலேயே மறித்து "போயிட்டு வர்றேன்னு சொல்லு தாயி" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்.

இரண்டாம் மாதம் காய்ச்சல், அழுகை. வீட்டுக் கடிதம் வந்துசேரப் பல நாள் ஆகும். ஐ.எஸ்.டி. பூத்தில் மூன்று நிமிடம் பேசுவதற்குள் மீட்டரில் சிவப்பு எண் ஓடுகிற ஓட்டம் அவளை வாயடைக்க வைத்துவிடும். அந்த வாரம் முழுக்க அம்மா மிளகு ரசமும் குழைந்த சோறும் கொடுத்து, மாடியிலேயே பாய் விரித்துத் துணைக்குப் படுத்தார். அதன்பிறகுதான் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை ஆனாள். முத்தையா கோயிலையும் அய்யனார் குதிரைகளையும் பற்றிக் கட்டுரை எழுதி முடித்தாள்.

இந்த மாதிரி ஆள் ஒருத்தர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ராமானுஜனே சாட்சி. 1914 ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது; ஹார்டி இருந்தார்; கணிதத்துக்குக் குறைவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜ் குளிரில் ஓவர்கோட்டைப் போட்டு, மேலே சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே படித்த மகலனோபிஸ் ஒருநாள் பார்க்கப்போய்த்தான் காட்டிக்கொடுத்தார். சமையல் தானே, அதிலும் போர்க்காலம். 1917இல் படுத்தவர் 1919இல் ஊர் திரும்பி, 1920இல் 32 வயதில் மறைந்தார். ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டம் 1918இல் வந்தது. அதுவா ரசம் வைத்துக் கொடுக்கும்?

நம்மவர்கள் போனதும் இலேசான பயணமில்லை. ஷான்சி ஏற்பாட்டிலேயே இங்கிருந்து ஆசிரியர்கள் ஓபர்லினுக்குப் போய் ஓராண்டு இருந்துவிட்டு வந்தார்கள். சொந்தமாக மேல்படிப்புக்குப் போனவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் ‘எட்டு டாலரோடு பிளேன் ஏறினேன்’ என்று சொல்லும் மூத்தவர்கள் இன்றும் உண்டு. 1966 ஜூனில் ஒரே நாளில் டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்கு ஏறியது. வீட்டிலிருந்து பணம் வரவேண்டியவர்கள் கதி என்ன? அங்கிருந்து வந்தவர்களுக்கு முன்பயிற்சி, உதவித்தொகை, தங்க ஒரு குடும்பம். நம்மவருக்கு ஒரு பெட்டி ஊறுகாய். பரிமாற்றம் என்ற சொல்லில் இரு தட்டும் சமம்போலத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரண்டு கரையையும் அறிந்தவர் நம் தமிழ்த்துறைப் பேராசிரியர் கு. பரமசிவம். இங்கே அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தாமே மாணவராகப் போய் 1970களில் முனைவர் ஆய்வு செய்தார். ஜேம்ஸ் லிண்ட்ஹோமோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தமிழ்ப் பாடநூலும், 1983இல் ‘இக்காலத் தமிழ் மரபு’ம் தந்தார். அயலார் கேட்கிற கேள்விகளை வருடக்கணக்காகக் கேட்டவர் அவர். நாம் பேசுகிற தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்று அந்நூலில் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்ததில் அந்தக் கேள்விகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நண்பர்களே, திட்டங்களின் கோப்புகளில் வந்தவர் பெயர் இருக்கும். கட்டுரைத் தலைப்பு இருக்கும். மாடியில் பாய் விரித்தவர் பெயர் இராது. உங்கள் வீட்டிலும் யாராவது தங்கியிருந்தால், அல்லது நீங்களே ஓபர்லின் பனியில் நடந்திருந்தால், அந்த நீலநிற ஏரோகிராம்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த மலருக்கு எடுத்து வாருங்கள். அம்மா பெட்டியில் பதினோரு கடிதங்கள் இருந்தன, நான் கொண்டுவருகிறேன். ஒன்றிலும் ‘நன்றி’ கிடையாது.