பனிப்புயலைத் தேடிப் போகிறவர்கள்

நான் நேரில் பார்த்த பனி எல்லாம் எங்கள் வீட்டு ஃப்ரீசருக்குள் இருப்பதுதான். ஆனால் இந்த செமஸ்டர் லீவில் உட்கார்ந்து படித்தது, கொட்டுகிற பனிக்குள் காரை ஓட்டிக்கொண்டு போகிற அமெச்சூர்களைப் பற்றி. பி.காம். பாடத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்!

ஆரம்பம் டொர்னாடோவில். 1956-ல் அமெரிக்காவின் வடக்கு டகோடாவைச் சேர்ந்த டேவிட் ஹோட்லி, யாரும் சம்பளம் தராமலேயே புயல்களைத் தேடிக் காரில் கிளம்பினார். 1977-ல் இதற்கென்றே 'ஸ்டார்ம் ட்ராக்' என்ற பத்திரிகையும் தொடங்கினார்.

அதே 1977 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் நடந்தது வேறு கதை. பக்கத்திலிருக்கும் ஈரி ஏரி முன்பே உறைந்து, அதன்மேல் பனி குவிந்து கிடந்தது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் அடித்த காற்று அதை அப்படியே அள்ளி ஊருக்குள் கொட்டியது. புதிதாகப் பெய்த பனி ஓர் அடி அளவுதான். இறந்தவர்கள் 29 பேர். சிலரை, பனியில் புதைந்த கார்களுக்குள் இருந்து எடுத்தார்கள்.

டொர்னாடோ நெருங்கினால் வேறு ரோட்டில் தப்பிக்கப் பார்க்கலாம். பனியில் ரோடே காணாமல் போய்விடும். கார் நின்றதும் குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டால், சைலன்சர் குழாயைப் பனி அடைத்து, கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். காப்பாற்ற வேண்டிய காரே பொறியாகிவிடும்.

பிறகு ஏன் போகிறார்கள்? ஏரிக் காற்றால் உண்டாகும் பனிமேகங்கள் மிகத் தாழ்வானவை. தொலைவில் உள்ள ரேடாரின் கதிர் அவற்றுக்கு மேலேயே போய்விடும். அதனால் தரையில் ஒருவர் அளவுகோலோடு நின்று அளந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒண்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் மேட்டுநிலம் இருக்கிறது. அங்குள்ள மாண்டேகுவில், 1997 ஜனவரியில், 24 மணி நேரத்தில் 77 அங்குலம் பனி பெய்ததாக ஒரு தன்னார்வலர் அளந்து சொன்னார். 1921-ல் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவான சாதனையைவிட அதிகம். ஆனால் ஆய்வுக் குழு ஏற்கவில்லை. விதிப்படி ஒரு நாளில் அதிகபட்சம் 4 முறைதான் அளக்கலாம்; இங்கே 6 முறை அளந்திருந்தார்கள். பனி தன் எடையால் தானே அமுங்கும். அடிக்கடி துடைத்து அளந்தால் கூட்டுத்தொகை கூடிவிடும். எங்கள் ஆடிட்டிங் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது :-)

2022 டிசம்பரில் பஃபலோ பகுதியில் மறுபடி பனிப்புயல். 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வாகனம் ஓட்டத் தடை போட்டிருந்தும் பலர் நடுரோட்டில் சிக்கினார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான் நண்பர்களே: பனியைத் துரத்த வேண்டியதில்லை, அது தானே வரும். அது வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, காரை நிறுத்திவிட்டு, ஒழுங்காக அளந்து சொல்கிறவர்தான் கெட்டிக்காரர்.