குறை கேட்ட ஆலை

‘சொன்னால் மேஸ்திரி காதுக்குப் போய்விடுமே!’ வேலைத்தலத்தில் வாயைக் கட்டிப்போடும் பயம் இது. இதைத் தாண்டிக் குறை கேட்க முயன்ற ஆலைகளில் முக்கியமானது, சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன்.

வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் அங்கே தொலைபேசிக் கருவிகள் செய்தது. 1928-இல் தொழிலாளர்களைத் தனித்தனியே அழைத்துக் குறை கேட்கத் தொடங்கியது. 1930-க்குள் 21,000-க்கும் மேற்பட்டோர் பேசிவிட்டார்கள்.

பெயர் வெளிவராது என்பது முதல் வாக்குறுதி. பேசுவதை அப்படியே எழுதிக்கொண்டாலும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கினார்கள். பெயரற்ற அந்தப் புகார்களே மேற்பார்வையாளர்களின் பயிற்சிக் கூட்டங்களில் பாடமாயின.

தொடக்கத்தில் கேள்விப் பட்டியல் இருந்தது. தொழிலாளர்களோ அதை விட்டு விலகி, தங்கள் மனதில் இருந்ததையே பேசினார்கள். 1929-இல் பட்டியலைக் கைவிட்டு, குறுக்கிடாமல் கேட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது.

1936-இல் இதற்கென்றே ஆலோசகர்கள் வந்தார்கள். கேட்டதை மேலதிகாரியிடம் சொல்லக் கூடாது. தீர்த்துவைக்கவும் முனையக் கூடாது.

ரகசியம் காக்கப்பட்டது, குறை அங்கேயே நின்றது. தொழிலாளர் தரப்பு விமர்சகர்கள் சுட்டிய ஓட்டை இதுதான்.

இதற்கு மாறாக, இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையையும் ரகசியத்தையும் சேர்த்தே கட்டாயமாக்கியது. புகார் தந்தவரின் பெயரை வெளியிட அதன் 16-ஆவது பிரிவு தடை விதிக்கிறது.