ஒரே மைதானம், இரண்டு பந்தி

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி போன வாரம் கைபேசியில் ஒரு சின்னக் காணொளியைக் காட்டினாள். 1964இல் பீட்டில்ஸ் பாடகர்கள் நான்கு பேரும் அமெரிக்காவில் ஒரு திறந்தவெளி விளையாட்டரங்கில் பாட வேண்டியிருந்ததாம். கறுப்பின மக்களைத் தனியாக உட்கார வைத்தால் பாட மாட்டோம் என்றார்களாம். உடனே பிரிவினை ஒழிந்ததாம். "அக்கா, நாலு பேர் சொன்னதும் அவ்வளவு பெரிய விஷயம் மாறிடுமா?" என்று கேட்டாள். அன்று வகுப்பு முடியும் நேரம். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

காணொளி சொன்ன சம்பவம் உண்மைதான். ஊர் ஜாக்சன்வில், ஃபுளோரிடா மாநிலம். அரங்கத்தின் பெயர் கேட்டர் பவுல். நாள் 1964 செப்டம்பர் 11. ஆனால் அந்தக் கதையை அந்த மாலையிலிருந்து தொடங்கினால் பாதி வரலாறு காணாமல் போய்விடும்.

முதலில், நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் ஒரு மைதானத்துக்குப் போவது எப்படி இருந்தது என்று பார்ப்போம். கறுப்பின மக்கள் ஆட்டம் பார்க்கவே கூடாது என்று பல ஊர்களில் சொல்லவில்லை. அவர்கள் தரும் காசு வேண்டியிருந்தது. எனவே டிக்கெட் விற்றார்கள், கேலரியை மட்டும் பிரித்தார்கள். தெற்கு மாநிலங்களில் மட்டும் நடந்ததல்ல இது. செயின்ட் லூயிஸ் நகரின் ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் பார்க் பேஸ்பால் மைதானத்தில் கறுப்பின ரசிகர்களுக்கு வலது பக்கக் கடைசி கேலரிதான். அதன் முன்னால் கம்பி வலை வேறு. 1944 வரை அவர்கள் வலை வழியாகத்தான் ஆட்டம் பார்த்தார்கள். நம் ஊரில் பந்தி பிரித்துச் சோறு போடுவார்களே, அதே வேலைதான். வந்தவரைத் திருப்பி அனுப்பவில்லை என்ற பெயரும் கிடைக்கும், அவர் இடம் எது என்பதையும் உணர்த்திவிடலாம்.

இனி ஜாக்சன்வில்லுக்கு வருவோம். 1946 மார்ச்சில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் மான்ட்ரியல் ராயல்ஸ் அணியில் சேர்ந்து, ஃபுளோரிடாவில் பயிற்சி ஆட்டங்களில் விளையாட வந்திருந்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே அணியில் ஆடக் கூடாது என்று ஜாக்சன்வில் நகர நிர்வாகம் ஆட்டத்தை ரத்து செய்தது. மைதானத்தின் கதவைப் பூட்டுப் போட்டுப் பூட்டினார்கள். அடுத்த ஆண்டே ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல்தர லீகில் இறங்கினார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1953இல், அதே ஊரின் அணிக்காக ஹேங்க் ஆரன் விளையாடினார். அப்போது அவருக்கு வயது 19. அந்த லீகின் நிறத்தடையை உடைத்த முதல் சில வீரர்களில் ஒருவர். அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. அவரைப் பார்க்கக் கறுப்பின மக்கள் திரண்டு வந்தார்கள். களத்தில் பிரிவினை உடைந்துவிட்டது, கேலரியில் உடையவில்லை. வெள்ளையர் பகுதியிலிருந்து வசைகள் வந்தன. அணியோடு பயணம் போனால் மற்ற வீரர்கள் தங்கும் விடுதியில் ஆரனுக்கு இடமில்லை, அவர்கள் சாப்பிடும் உணவகத்திலும் இடமில்லை.

இதைப் படிக்கும்போது பல்வங்கர் பாலு நினைவுக்கு வராமல் போகாது. தலித் சமூகத்தில் பிறந்த அவர் அந்தக் காலத்தின் தலைசிறந்த பந்துவீச்சாளர். புனேயில் இந்து அணிக்கு அவருடைய இடது கை வேண்டியிருந்தது. அவர் தொட்ட பந்தைச் சாதி இந்து வீரர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மட்டும் அவருக்கு வெளியே, தனியாக, மண் குவளையில் தேநீர். திறமையை எடுத்துக்கொள்வார்கள், பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை.

மீண்டும் ஜாக்சன்வில். 1960இல் அங்கே கறுப்பின உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் இளைஞர் குழு, வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய கடைகளுக்குள் போய் உட்காரும் போராட்டத்தைத் தொடங்கியது. குழுவின் தலைவர் ரோட்னி ஹர்ஸ்டுக்கு அப்போது வயது 16. வழிகாட்டியாக இருந்தவர் ரட்லெட்ஜ் பியர்சன் என்ற வரலாற்று ஆசிரியர். அவரும் முன்னாள் பேஸ்பால் வீரர், கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட லீகில் விளையாடியவர். ஆகஸ்ட் 27ஆம் தேதி, கோடாரிக் காம்புகளோடும் பேஸ்பால் மட்டைகளோடும் வந்த வெள்ளையர் கும்பல் அந்தப் பிள்ளைகளைத் தாக்கியது. தெருவில் கண்ணில் பட்ட கறுப்பினத்தவரையும் விரட்டி விரட்டி அடித்தது. 'கோடாரிக் காம்புச் சனிக்கிழமை' என்று அந்த நாளை இன்றும் சொல்கிறார்கள்.

1964 ஜூன் மாதம், ஜாக்சன்வில்லுக்குத் தெற்கே உள்ள செயின்ட் அகஸ்டின் ஊரில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பின, வெள்ளையினப் போராளிகள் ஒன்றாக இறங்கினார்கள். அவர்களை வெளியேற்ற விடுதி மேலாளர் குளத்தில் அமிலம் ஊற்றினார். நாள் ஜூன் 18. மறுநாள் செனட் சபையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஜூலை 2ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்யும் அந்தச் சட்டத்தின் பிரிவில் உணவகம், விடுதி, திரையரங்கு ஆகியவற்றோடு விளையாட்டரங்கமும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

அதற்கு 71 நாட்கள் கழித்துத்தான் பீட்டில்ஸ் ஜாக்சன்வில்லில் பாடினார்கள். நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்பு, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று உறுதி தந்தால்தான் மேடை ஏறுவோம் என்று அறிவித்தார்கள். முதல் நாள்தான் டோரா புயல் அந்தக் கரையைத் தாக்கியிருந்தது. காற்று அடங்காததால் ரிங்கோ ஸ்டாரின் டிரம்களை மேடையில் ஆணியடித்து நிறுத்தினார்கள். 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். கேலரி பிரிக்கப்படவில்லை.

அன்று அந்தக் கூட்டத்தில் கிட்டி ஆலிவர் என்ற கறுப்பினச் சிறுமியும் இருந்தார். பிற்காலத்தில் எழுத்தாளராகவும் வாய்மொழி வரலாற்று ஆய்வாளராகவும் ஆனவர். அந்த அனுபவத்தை 2016இல் வெளிவந்த பீட்டில்ஸ் ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார். சுற்றிலும் வெள்ளையர்கள். அவ்வளவு பக்கத்தில் அவர்களோடு இருந்து அவருக்குப் பழக்கமே இல்லை. உள்ளே பயம் இருந்திருக்கிறது. பாட்டு தொடங்கியதும் எல்லாரோடும் சேர்ந்து அவரும் கத்திப் பாடியிருக்கிறார். அந்த நேரத்துக்காவது வேறுபாடு மறைந்துபோனது என்கிறார்.

என்னை யோசிக்க வைத்தது அந்தப் பயம்தான். சட்டம் வந்துவிட்டது, கையில் டிக்கெட் இருக்கிறது, மேடையில் இருப்பவர்கள் உங்கள் பக்கம் பேசியிருக்கிறார்கள். அப்படியும் ஒரு சிறுமி பயத்தோடுதான் போய் உட்கார வேண்டியிருந்தது. அந்த இருக்கை வரை அவரைக் கொண்டு வந்தவர்கள் யார்? கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், மட்டையால் அடி வாங்கிய பள்ளிப் பிள்ளைகள், அமிலம் ஊற்றிய குளத்தில் நின்றவர்கள். பீட்டில்ஸ் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. சட்டம் ஏட்டில் தூங்கும் இடங்களில், புகழுள்ளவர்கள் "இதை மீறினால் வர மாட்டோம்" என்று சொல்வது பெரிய உதவி. நம் ஊர்ப் பாடகர்களும் ஆட்டக்காரர்களும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் சொல்லும்வரை காத்திருக்க முடியாது.

தோழர்களே, அடுத்த முறை ஊர்த் திருவிழாக் கபடிக்கோ, நகரத்தில் ஒரு பெரிய கச்சேரிக்கோ போனால் மேடையை மட்டும் பார்க்காதீர்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள், யார் வரவே இல்லை, எல்லாரும் போன பிறகு குப்பை அள்ளுவது யார் என்று பாருங்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

என் மாணவிக்கு நான் சொல்லப்போகும் பதில் இதுதான். நாலு பேர் சொன்னதால் மட்டும் மாறவில்லை, கண்ணு. அவர்களுக்கு முன்னால் உன் வயதுப் பிள்ளைகள் போய் உட்கார்ந்திருந்தார்கள்.