1,285 வாக்குகள்!

பம்மலில் நிற்பவன் காதில் மீனம்பாக்கத்து வானூர்திகளின் இரைச்சல் ஓயாது ஒலிக்கும். அந்த நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயர். தேர்தல் களத்திலே எதிரெதிர் அணிகளுக்குத் தலைமை தாங்கிய இருவர், ஓரிடத்தில் அருகருகே! இந்தப் பண்பாட்டின் பின்னே ஒரு தோல்வியின் வரலாறு இருக்கிறது. இளைஞர்கள் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1967 பிப்ரவரித் தேர்தலில் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் நின்றார் காமராசர். பிறந்த ஊர்; பழகிய தெருக்கள். அகில இந்தியக் காங்கிரசின் தலைவர் அவர். நேருவுக்குப் பின் லால்பகதூர் சாஸ்திரியும், சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமராக வழி வகுத்தவர். எதிரே நின்றவர் யார்? மன்னரா, மிராசுதாரரா? இல்லை! பெ. சீனிவாசன் எனும் மாணவர் தலைவர். முடிவு வந்தது. 1,285 வாக்குகளில் காமராசர் தோற்றார்!

தோற்றவர் செய்த பணி சிறிதா? 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். இராசகோபாலாச்சாரியார் 1953-இல் கொணர்ந்த கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று நாடே கொதித்த அந்தத் திட்டம் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அவ்வாண்டே குடியாத்தம் இடைத்தேர்தலில் அவர் நின்றபோது பெரியார் ஆதரித்தார், தி.மு. கழகமும் ஆதரித்தது. பச்சைத் தமிழர் என்று பெரியார் பாராட்டினார். சிற்றூர்தோறும் பள்ளி, பசித்த பிள்ளைக்கு மதிய உணவு! ஆடு மேய்த்த சிறுவன் அரிச்சுவடி ஏந்தினான். 1963-இல் கட்சிப் பணிக்கென முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார்.

பின் ஏன் தோற்றார்? 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் எழுந்தனர். மறுமொழியாக வந்தது துப்பாக்கிக் குண்டு. அரிசிப் பஞ்சம் அடுப்பை அணைத்தது. எதிர்க்கட்சிகள் கைகோத்தன. மாநிலத்தில் நூற்றுக்கு 41 வாக்குகள் பெற்ற காங்கிரசு வீழ்ந்தது. அதனினும் சற்றே குறைவாகப் பெற்ற கழகம், கூட்டணியின் வலிவால் 137 இடங்களில் வென்று ஆட்சி அமைத்தது. எண்ணிக்கை பேசிய மொழி அது!

இங்கேதான் சிந்திக்க வேண்டும், தோழர்களே! அவர் திறந்த பள்ளிகள் ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவித்தன. எழுத்தறிந்தவன் கேள்வி கேட்டான். கேள்வி கேட்டவன், உமது கட்சி என் மொழிக்கு என்ன செய்தது என்று அவரையே கேட்டான். இது நன்றி மறத்தலா? அன்று! பள்ளியின் பயனே அதுதான். நன்றியை நெஞ்சிலே வைத்துக்கொண்டு, வாக்கைக் கொள்கைக்கு அளிப்பவனே குடிமகன். தலைவன் நல்லவன் என்பதற்காகவே அவன் கட்சியின் தவற்றுக்கும் தலையசைப்பவன் பக்தன். கோயிலில் பக்தியை மறுத்துவிட்டு, மேடையில் அதை மறுபடி வளர்ப்பது பகுத்தறிவாகுமா?

தோற்றவரும் வென்றவரும் நடந்துகொண்ட முறையையும் பாருங்கள். தோல்வியை ஏற்று, மக்கள் மீது வசை பாடாமல் பணியைத் தொடர்ந்தார் காமராசர். அந்தத் தோல்வியில் அண்ணா மகிழ்ச்சி காணவில்லை. 1969 சனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. காமராசர் 1,28,201 வாக்கு வேறுபாட்டில் வென்றார்! 1971-இலும் அத்தொகுதி அவரையே தேர்ந்தது. 1975 அக்டோபர் 2-இல் மறையும்வரை மக்கள் பிரதிநிதியாகவே வாழ்ந்தார்.

1,285 பேர்! திருவிழாக் கூட்டத்தில் ஒரு மூலைக்குக்கூடப் போதாத எண்ணிக்கை. ஆனால் பிரதமர்களைத் தேர்ந்த கையைத் தடுத்து நிறுத்த அது போதுமானதாயிற்று. ஆகவே, ஒரு வாக்கு என்ன செய்யும் என்று கேட்பவனிடம் விருதுநகரைச் சொல்லுங்கள். தலைவர்மீது குறை காணலாமா என்று தயங்குபவனிடமும் விருதுநகரையே சொல்லுங்கள். மதிப்போம்; வழிபட வேண்டாம். எதிர்ப்போம், இழிவு செய்ய வேண்டாம். மீனம்பாக்கத்தில் அந்த இரு பெயர்களும் இணைந்தது இதைத்தான் சொல்கிறது.