பாட்டில் ஓடுவது எந்த ஆறு?

ஆறு தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போகும் பாட்டு ஒன்று கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மலரும் மாலையும்' நூலில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு வரிகள் மறந்திருந்தாலும் அதன் நடை மறந்திருக்காது. மலைப்பாறையில் துள்ளி விழுகிறது, காட்டுக்குள் புகுந்து வெளியேறுகிறது, சமநிலம் வந்ததும் நிதானப்படுகிறது, வழியில் இருக்கும் குளத்தையெல்லாம் பெருக்கிவிட்டு வயலுக்கு நடக்கிறது. அந்த ஆற்றுக்குப் பாட்டில் பெயர் இல்லை. அது எந்த ஆறு என்று, கவிமணி பிறந்த நாஞ்சில் நாட்டுக்காரன் கேட்காமல் இருக்க முடியுமா?

பாட்டின் பூர்வீகத்தைத் தேடினால் முதலில் போய்ச் சேரும் இடம் இங்கிலாந்து. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் 1855இல் வெளியிட்ட தொகுப்பில் ஓடை பேசுவதாக ஒரு பாட்டு உண்டு. கவிமணியின் பாட்டை அதோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தமிழாக்குவது கவிமணிக்குக் கைவந்த கலை. எட்வின் அர்னால்டைப் படித்து 'ஆசிய ஜோதி' தந்தார்; பிட்ஜெரால்டு வழியாக உமர் கய்யாமைக் கொண்டுவந்தார்.

டென்னிசன் பிறந்த சாமர்ஸ்பி கிராமத்தில் அவர் வீட்டருகே ஒரு ஓடை ஓடுகிறது. பாட்டில் வருவது அதுதான் என்று ஊர் சொல்லிற்று. அவரோ, அது இல்லை என்று குறிப்பே எழுதிவைத்தார். கவிஞர் மறுத்தும் வாசகர்கள் விடவில்லை. இதில் நான் வாசகர்கள் பக்கம்தான். எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்பது ஒன்று; எந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தார் என்பது வேறு.

கவிமணி 1876இல் தேரூரில் பிறந்தவர். அன்றைக்கு அது திருவிதாங்கூர் ராஜ்யம். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை, தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். மனைவியின் ஊர் புத்தேரி. 1931இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1954இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். தேரூரிலும் புத்தேரியிலும் பெரிய குளங்கள் உண்டு. இரண்டு ஊருக்கும் பக்கத்தில் ஓடுவது பழையாறு.

பழையாறு நீளமான ஆறு அல்ல. அது தொடங்கும் சுருளகோட்டுப் பக்கம் காலையில் பைக்கை எடுத்தால், நடுவில் நின்று டீ குடித்தாலும், மத்தியானத்துக்குள் மணக்குடிப் பொழிமுகத்துக்கு வந்துவிடலாம். ஆனால் இந்தக் குட்டை தூரத்துக்குள் அதன் குறுக்கே கட்டியிருக்கும் தடுப்பணைகளைப் பாருங்கள்: வீரப்புலி, பள்ளிகொண்டான், செட்டித்தோப்பு, வீரநாராயணமங்கலம், சபரி, குமரி, சோழன்திட்டை, பிள்ளைபெத்தான்... ஒவ்வொரு அணையும் தண்ணீரைக் கொஞ்சம் தூக்கி ஒரு காலுக்குள், அதாவது வாய்க்காலுக்குள், தள்ளும். கால் குளத்துக்குப் போகும். குளத்து மடையைத் திறந்தால் ஏலாவுக்கு, அதாவது வயல்வெளிக்கு, பாயும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் விளைந்தது இந்த ஏற்பாட்டால்தான். மேல் குளம் மறுகால் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர்; மிஞ்சியது மறுபடியும் ஆற்றுக்கு.

இப்போது இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டென்னிசனின் ஓடை வளவளவென்று பேசும். பாலங்களுக்கு அடியில் நுழையும். மீன்களையும் கரையோரப் பூக்களையும் காட்டும். கடைசியில் பெரிய ஆறு ஒன்றில் கலக்கும். மனிதர்கள் வருவார்கள் போவார்கள், நான் போய்க்கொண்டே இருப்பேன் என்பது அதன் பெருமை. மழையை நம்பிப் பயிர் செய்யும் நாட்டில் ஓடைக்கு வேறு வேலை இல்லை. தமிழ்ப் பாட்டின் ஆற்றுக்கோ ஓயாத வேலை. குளம் நிரப்ப வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், நன்செய் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பாட்டிலிருந்து வந்தது ஆறு பேசுகிறது என்ற உத்தி. அது பேசும் விஷயம் முழுக்க முழுக்க நம்மூர் விவசாயிக்கானது.

அந்த மேடு ஏறும் சங்கதிதான் எனக்குப் பெரிய சாட்சி. தண்ணீர் மேட்டில் ஏறுமா? நாஞ்சில் நாட்டில் ஏறியது. கோதையாறும் பரளியாறும் இயல்பாகப் போவது மேற்கே, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்துக்கு. பழையாற்றுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் பரளியாற்றை மறித்து, இந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிட்ட பாண்டியன் கால் என்ற பழைய வாய்க்கால் உண்டு. பிறகு கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை வந்தது. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அணை. வேலை தொடங்கியபோது கவிமணிக்கு வயது 21, முடிந்தபோது 30. ஒரு பள்ளத்தாக்கின் தண்ணீர் இன்னொரு பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்து, கடைமடை வயலும் நனைந்த காலம் அவருடைய வாலிப காலம். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினை ஊர்க்காரர்கள் மூக்கன் துரை என்பார்கள். அவர் கல்லறை பேச்சிப்பாறையிலேயே இருக்கிறது. பழையாற்றைப் பெருக்கியதிலும் ஒரு வெள்ளைக்காரர், பாட்டுக்குத் தூண்டுதல் தந்ததிலும் ஒரு வெள்ளைக்காரர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

தேரூர்க் குளத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். டென்னிசனின் ஓடை கிளம்புவது நாமக்கோழியும் நாரையும் வாழும் இடத்திலிருந்து. இரண்டும் தேரூர்க் குளத்திலும் உண்டு. போதாததற்குக் கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, பூநாரை. குளிர்காலக் காலை வேளையில் கரையில் நின்றால், தாழைக்கோழி தன் நீண்ட சிவப்புக் கால்விரல்களை விரித்துத் தாமரை இலையின் மேல் நிதானமாக நடந்து, தண்டைக் கடித்து, ஒரு காலால் பிடித்துத் தின்பதைக் காணலாம். 94 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்காகக் கிடைத்த அங்கீகாரம். குழந்தைகளுக்காக இத்தனை பாட்டு எழுதிய மனிதர் ஓடி விளையாடிய கரை என்பதற்காக எவரும் பலகை வைத்ததாக என் கண்ணில் படவில்லை.

பாட்டு ஆற்றைவிட வெகுதூரம் போய்விட்டது. 1940இல் சென்னையில் 'கவிமணி' பட்டம் கிடைத்த பிறகு அவர் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது. வேடிக்கை என்னவென்றால், தமிழ்ப் பிள்ளைகளின் கவிஞரான அவர் சென்னை மாகாணத்துக் குடிமகனாக ஒருநாளும் இருந்ததில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1; அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழையாறும் அதுவரை எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆறு. இன்று தஞ்சாவூர்க் குழந்தை பாட்டைப் படித்தால் காவிரியை நினைக்கும், நெல்லைக் குழந்தை தாமிரபரணியை நினைக்கும். பெயரில்லாத ஆறாக விட்டது நல்லதுதான். ஆனாலும் காவிரிக்கரைப் பையன் எழுதியிருந்தால் இவ்வளவு சின்ன தூரத்தில் மலையையும் காட்டையும் குளத்தையும் வயலையும் அடுக்கியிருப்பானா என்பது என் சந்தேகம். அவனுக்கு மலை குடகில் இருக்கிறது. நமக்கு வீட்டு வாசலில் நின்றால் தெரியும்.

பாட்டின் ஆறு நன்றாக இருக்கிறது. பழையாற்றின் நிலைமை அப்படியில்லை. ஒழுகினசேரிப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் ஆகாயத்தாமரை. அதற்குக் கீழே நாகர்கோவிலின் சாக்கடை. நாற்கரச் சாலைக்காகக் குளங்களில் மண் கொட்டியபோது விவசாயிகள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. மணக்குடியில், 2004 சுனாமி, இரு கரையிலும் உள்ள இரண்டு மணக்குடிகளையும் இணைத்த பாலத்தையே பெயர்த்துப் போட்டது. அது கடலின் குற்றம். மற்றவை நம் கைவேலை. நெல் போன இடத்தில் வாழையும் தென்னையும், அதுவும் போன இடத்தில் பிளாட்டும் வந்துவிட்டன. குளத்துக்குத் தண்ணீர் கேட்க ஆள் குறைந்தால் காலைச் செப்பனிட யார் வருவார்கள்?

இந்த மாவட்டத்துத் தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டை வகுப்பில் நடத்துவதற்கு முந்தின நாள் பிள்ளைகளைத் தாழக்குடிப் பக்கம் வீரநாராயணமங்கலம் அணைக்கோ, சுசீந்திரத்தில் சோழன்திட்டைக்கோ கூட்டிப் போங்கள். ஆறு எங்கே திரும்பிக் காலுக்குள் நுழைகிறது, எந்தக் குளத்துக்குப் போகிறது என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். பாட்டைப் பிரதி எடுத்துக் கையில் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கவிமணி மறைந்து 60 வருடம் தாண்டியதால் 2015 முதல் அவருடைய பாட்டுகள் எல்லோருக்கும் பொது.