பில் ஊரின் வழிகாட்டு மாலுமிகள்
இங்கிலாந்தின் மேற்கே, ஏவன் ஆறு கடலோடு கலக்குமிடத்துக்கு அண்மையில் உள்ள சிற்றூர் பில். அங்கே வற்றுக்கும் பெருக்குக்குமிடையே நீர்மட்டம் ஏறக்குறைய 40 அடி வரை வேறுபடும். நீர் வற்றுமுன் வளைந்தோடும் ஆற்றைக் கடவாத கப்பல் சேற்றிலே தட்டிச் சாயும். ஆதலால் பிரிஸ்டல் துறைக்குச் செல்லும் கப்பல்களைப் பில் ஊரவரே வழிநடத்தினர். தந்தையிடம் மகன் கற்ற தொழில் அது. 1497இல் கபொட் சென்ற கப்பலை வழிகாட்டியவரும் இவ்வூரவரே என்பது செவிவழிச் செய்தி.

1861ஆம் ஆண்டுச் சட்டம் கார்டிஃப், நியூபோர்ட், குளொஸ்டர் துறைகளுக்குத் தத்தம் வழிகாட்டிகளை நியமிக்கும் உரிமையை அளித்தது. பில் ஊரவரின் தனியுரிமை அற்றது. 1877இல் ஆற்றுமுகத்திலேயே ஏவன்மவுத் துறை திறக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் ஆற்றினுள் புகவேண்டிய தேவையும் குறைந்தது. ஆற்றின் இடரே அவ்வூருக்குச் சோறிட்டது. இடர் நீங்கியபோது சோறும் சுருங்கிற்று.