எல்1, எல்2, எல்3: செல்லோட முகஜாடை பார்த்து ஆயுசு சொன்ன காலம்

புதுப்பட்டினம், கல்பாக்கம் பக்கத்துல ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு சந்தேகம் வந்தா, இன்னைக்கும் முதல் பரிசோதனை ரொம்பச் சாதாரணமானதுதான். கண்ணாடித் தகட்டுல ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, சாயம் ஊத்தி, மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. அங்க தெரியற செல்லோட தோற்றத்தை வச்சே குழந்தை பிழைக்குமான்னு சொல்ல முடியுமா? ஒரு காலத்துல ஓரளவு முடியும்னு நம்பினாங்க.

1976-ல பிரான்ஸ், அமெரிக்கா, பிரிட்டனைச் சேர்ந்த ஏழு நிபுணர்கள், குழந்தைகளுக்கு அதிகமா வர்ற லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவை மூணாப் பிரிச்சாங்க. சின்னச் சின்னதா, ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருந்தா எல்1. பெருசும் சிறுசுமா, உட்கரு கோணலா இருந்தா எல்2. கரு நீலத்துல, குமிழ் குமிழா ஓட்டை விழுந்திருந்தா எல்3. எல்1 குழந்தைங்க நல்லாத் தேறுவாங்க, எல்2 கொஞ்சம் கஷ்டம்னு கணக்கு.

சிக்கல் என்னன்னா, ஒரு டாக்டருக்கு எல்1-ஆத் தெரிஞ்சது இன்னொருத்தருக்கு எல்2-வாத் தெரிஞ்சது! அதனால 1981-ல அதே குழு, பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி, ஒவ்வொரு அடையாளத்துக்கும் மதிப்பெண் முறை கொண்டு வந்துச்சு. அதுக்குள்ள, டி-செல்லா பி-செல்லா, குரோமோசோம்ல என்ன கோளாறுன்னு பார்க்கற சோதனைகள் வளர்ந்துடுச்சு. ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் மாதிரி ஆபத்தான கோளாறு சாயம் பூசின தகட்டுல தெரியவே தெரியாது. 2001-ல உலக சுகாதார நிறுவனம் இந்த எல் பிரிவுகளைக் கைவிட்டுச்சு. எல்3 மட்டும் நிஜமாவே தனி நோய்: பர்கிட் வகை. அதுக்குச் சிகிச்சையே வேற.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1954-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1970-கள்ல, இந்தியாவோட பெரிய புற்றுநோய் மையங்கள்லகூட, நாலு வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 20 சதவீதத்துக்கும் குறைவு. 1984-ல இருந்து அடையாறுல டாக்டர் வி. சாந்தாவோட குழு, மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூணு பேரும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோட இயன் மக்ரத்தும் சேர்ந்து, எம்.சி.பி. 841-னு ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றினாங்க. 20-க்குக் கீழ இருந்தது 45-ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் ஏறிச்சு.

யோசிச்சுப் பாருங்க, செல்லோட முகம் மாறவே இல்லை. மாறினது மருந்து அட்டவணையும், பக்கத்துல இருந்து பார்த்துக்கற துணைச் சிகிச்சையும். ஜாதகம் எழுதினது செல் மட்டும் இல்லைங்கறது என் அபிப்பிராயம்.

அதுக்காக மைக்ராஸ்கோப்பைப் பரண்ல போட்டுடலை. பல சிகிச்சை முறைகள்ல முதல் ஒரு வாரம் ஸ்டீராய்டு கொடுத்து, எட்டாம் நாள் திரும்ப ரத்தம் எடுப்பாங்க. ஒரு மைக்ரோலிட்டர்ல புற்றுச் செல் ஆயிரத்துக்குக் கீழ இறங்கியிருந்தா நல்ல அறிகுறி. அந்தச் செல் எப்படி இருக்குன்னு அப்ப யாரும் கேக்கறதில்லை, எத்தனை மிச்சம் இருக்குன்னுதான் எண்ணறாங்க.